ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது

மாமியார் செத்துப்போன மாமனாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் மற்ற மாப்பிள்ளைகள் என்ன செய்வார்களோ தெரியாது. இந்த மாப்பிள்ளை, பேச்சு தெளிவாக விழுகிறதா என்று ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டான். அவனுக்கு அதுதான் வேலை. சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்கிறவன். படத்தின் டைரக்டர் அவன் மனைவி. படப்பிடிப்பு நடந்தது அவள் பிறந்து வளர்ந்த வீட்டில். கதாநாயகி, வேறு யார், மாமியார்தான். குடும்பமாக உட்கார்ந்து பேய்ப்படம் எடுக்கிற கூத்து எல்லா வீட்டிலும் நடக்காது.

முதலில் நிஜமாகவே ஒரு நடிகை இருந்தாள். முதல் நாள் வந்து, உடை மாற்ற மாடிப்படிக்கு அடியில் தொங்கவிட்டிருந்த திரையைப் பார்த்தாள். மறுநாள் டிவி தொடரில் வாய்ப்பு வந்துவிட்டதாக போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். டைரக்டர் சமையலறையில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னடி செய்யணும் அந்தப் பொம்பளை?"

"புருஷன் செத்துப் போயிடறான்மா. இவ அவன்கூடவே பேசிக்கிட்டிருக்கா. ஒரு நாள் அவன் பதில் பேசறான். அதோட இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிடுது."

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான்.

"பேசிக்கிட்டிருக்கற வரைக்கும் நான் பண்ணிடுவேன். அதுக்கு மேல நீ சொல்லிக் குடு."

அங்கே இருந்த எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர்: டைரக்டர், அவள் புருஷன், கேமராமேன். கேமராமேனுக்கு ஒட்டடை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம்; எந்த அறைக்குள் போனாலும் முதலில் அவன் தலைதான் மேலே இருக்கிற விளக்கில் இடிக்கும். விளக்கு பிடிப்பது, வேன் ஓட்டுவது, பவுடர் பூசுவது எல்லாம் அவனே. அவ்வளவுதான் பட்ஜெட்.

கால் விரலைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மாமனார் போனதிலிருந்து மாமியார் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஒளித்து மறைத்து அல்ல. பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, வாசல் கதவைப் பூட்டும்போது. "ஏங்க, மழை வர்ற மாதிரி இருக்கு." "ஏங்க, பக்கத்து வீட்டுல புது கார்." டைரக்டர் இதைத்தான் கதையாக எழுதினாள். யார் கேட்டாலும் முழுக்க முழுக்கக் கற்பனை என்று அடித்துச் சொல்வாள். அதே வீடு, அதே சமையலறை, மாமனார் உட்கார்ந்த அதே நாற்காலி. கற்பனைக்குச் செலவே இல்லாமல் போய்விட்டது.

நடிக்க வந்த மாமியார் முதல் காரியமாக வசனத்தில் கை வைத்தார். டைரக்டர் எழுதியிருந்தது இது: "நீங்கள் இல்லாத இந்த வீட்டில் இருள் என்னைத் தின்கிறது." மாமியார் காகிதத்தைத் தள்ளிப் பிடித்து இரண்டு முறை வாசித்தார். பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பாகிட்ட நான் இப்படிப் பேசியிருந்தா, காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பார்த்திருப்பாரு."

"இது படம்மா."

"படத்துலயும் புருஷன்தானே?"

வாக்குவாதத்தில் அந்த வீட்டில் மாமியாரை ஜெயித்தவர் கிடையாது. சரி, உன் இஷ்டத்துக்குப் பேசு என்று டைரக்டர் விட்டுவிட்டாள். பட்டப்பகல். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து ராத்திரி ஆக்கியிருந்தார்கள். மாமியார் தட்டைத் துடைத்துக்கொண்டே, நாற்காலிப் பக்கம் திரும்பாமல், "ஏங்க, குழாய் மறுபடியும் ஒழுகுது. வாஷர் எங்க வெச்சீங்க? சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா நான் எங்கன்னு போய்த் தேடறது?" என்றார். தட்டை அடுக்கினார். அடுத்த தட்டை எடுத்தார்.

ஹெட்ஃபோனுக்குள் அதைக் கேட்ட மாப்பிள்ளைக்கு முதுகு சில்லிட்டது. ஒட்டடை கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "கட்" சொல்ல வேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு கறுப்புத் துணியைப் பார்த்து நின்றாள். பேய்ப்படத்துக்குப் பயம் எங்கிருந்து வரும் என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு ஒழுகுகிற குழாயில் இருக்கும் என்று யார் கண்டது?

அன்றிலிருந்து வேலை ஜோராக நடந்தது. சத்தியமாகச் சொல்வதென்றால் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சோகத்தையும் பைத்தியத்தையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை படம் பிடித்துவிட்டு, விளக்கை அணைத்ததும் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கிண்டலடித்தார்கள். மாமியாருக்கு நாலு பேருக்குச் சமைக்கக் கிடைத்ததில் முகம் தெளிந்துவிட்டது. ஒட்டடைக்கு மூன்றாவது தடவை பரிமாறிவிட்டு, "சாப்பிடறதெல்லாம் எங்கடா போகுது உனக்கு?" என்று கேட்பார். அவன் காலை நீட்டிக் காட்டுவான்.

மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு தர்மசங்கடம் இருந்தது. மாமியார் ரவிக்கைக் கழுத்தோரம் குண்டுமணி அளவில் ஒரு மைக் குத்தியிருந்தான். காலையில் குத்தினால் சாயங்காலம்தான் கழற்றுவான். அது அங்கே இருப்பதை மாமியார் மறந்தே போனார். இடைவேளையில் அவர் கொல்லைப்பக்கம் போனாலும் மாடிக்குப் போனாலும் பேச்சு நேராக இவன் காதில் வந்து விழும். மரியாதை தெரிந்தவன் சத்தத்தை அடைத்துவிடுவான். இவனும் மரியாதை தெரிந்தவன்தான். குமிழைத் திருகத்தான் செய்வான், ஆனால் கடைசி வரை திருக மாட்டான்.

ஒரு நாள் ஃபிரிட்ஜைத் திறக்கிற சத்தம் கேட்டது. பதிவு நடக்கும்போது ஃபிரிட்ஜ் உறுமும் என்பதால் அதை அணைத்துவிடுவான். திரும்பப் போட மறக்காமல் இருக்க, வேன் சாவியை அதற்குள் வைத்துவிடுவான். சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாதல்லவா? சத்தம் பிடிக்கிறவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. மாமியாருக்கு இது தெரியாது.

"ஏங்க," என்றார் மாமியார், ஹெட்ஃபோனுக்குள். "உங்க மாப்பிள்ளை வண்டிச் சாவிய முட்டை பக்கத்துல வெச்சிருக்காரு. என்னைப் போய்ப் பைத்தியம்ங்கறாங்க."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். சிரித்து முடித்த பிறகுதான் கடைசி வார்த்தை உறைத்தது. அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விஷயம் இதுதான். படப்பிடிப்பு முடிகிற அன்று மாமியாரின் பெரிய பையன் வருவதாக இருந்தார். மாப்பிள்ளைக்கு மச்சான். அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது, அங்கே ஒரு மனநல டாக்டரிடம் காட்டுவது, இந்த வீட்டைப் பூட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். இவர் நல்லவர். அம்மாவுக்கென்று ஒரு அறையைக் காலி பண்ணி வர்ணம் அடித்து வைத்திருந்தார். பெரிய பெரிய கட்டடங்களில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். எங்கே புகை வந்தாலும் முதலில் அவர் மூக்குக்குத்தான் தெரியும். வராத புகையும் தெரியும்.

"நீ சொல்லு," என்றாள் மனைவி ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டே. "நாள் முழுக்க அம்மா உன் காதுக்குள்ளதானே இருக்காங்க. அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா, இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் வந்தா கேப்பான். நான் சொன்னா நம்ப மாட்டான், படத்துக்காகச் சொல்றேன்னுவான். நீ சொன்னா கேப்பான்."

அவன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். பேசிப் பழக்கமில்லாதவன். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவனுக்குச் சொந்த வாய் எதற்கு என்று இருந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் செத்தவன் பதில் பேசுகிற காட்சி. குரல் கொடுக்க ஆள் இல்லை. மைக் கட்டிய கழியைப் பிடித்தபடியே மாப்பிள்ளைதான் பேச வேண்டும் என்று ஆயிற்று. மாமியார் நாற்காலியைப் பார்த்து, "தூங்கிட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை அடிவயிற்றிலிருந்து, "தூங்கலைம்மா," என்று சொல்ல வேண்டும். மாமியார் வெலவெலத்துப் போக வேண்டும்.

மாப்பிள்ளை சொன்னான். மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"தொண்டை கட்டியிருக்கா மாப்பிள்ளை? வெந்நீர் வைக்கட்டுமா?"

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை மாமியார் வெந்நீர் வைக்கவில்லை, ஆனால் சிரித்துவிட்டார். மூன்றாவது முறை ஒட்டடை சிரித்தான். கறுப்புத் துணிக்குள் எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. டைரக்டர் அம்மாவின் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நிஜமாவே அப்பா பதில் சொல்லிட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

"சொல்ல மாட்டாரேடி."

"சொன்னா?"

"நாப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். இரும்போட பேசிப் பழக்கம். உயிரோட இருந்தப்பவே நான் பத்து கேட்டா ஒண்ணுக்கு 'ம்' கொட்டுவாரு. இப்பப் போய் வாயத் திறந்தாருன்னா அது உங்கப்பாவே இல்ல, வேற யாரோ." கொஞ்சம் யோசித்தார். "நான் கேக்கறேன். கேட்டுட்டு அப்படியே இருக்கேன். அவர் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அது போதாதா?"

டைரக்டர் எழுந்து, எழுதி வைத்திருந்த கதையில் பேய்க் குரல் இருந்த பக்கத்தை அடித்துவிட்டாள். கடைசி நாள் அந்தக் காட்சியை அம்மா சொன்னபடியே எடுப்பது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போன மாமியார், கிளிப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கு நடுவே மெதுவாகப் பேசினார். மாப்பிள்ளை ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். ஹெட்ஃபோன் கழுத்தில்தான் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தான். வைத்திருக்கக் கூடாது. வைத்தான்.

"பெரியவன் வர்றானாம், கூட்டிட்டுப் போக. மருமக ரொம்ப நல்ல பொண்ணு. நல்லவங்க வீட்டுல தனியாப் பேச முடியாதுங்க. உடனே ஓடி வந்து, என்ன அத்தை வேணும்னு கேப்பா." ஒரு கிளிப். இன்னொரு கிளிப். "நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியாதா? உங்க சட்டையெல்லாம் நான்தானே மத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்தேன். பேசாம இருந்தா வீடு ஒரு மாதிரி ஆயிடுது. அதான். அதைப் போய் அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றினான். ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு வேனுக்குள் போய் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது அவன் கையில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், ஒளிந்திருந்து கேட்டேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமியார் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது?

கடைசி நாள் மச்சான் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்று ஒயர்களைப் பார்த்தார், ஜன்னலில் அடித்த துணியைப் பார்த்தார், விளக்குச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளை ஒரு ஸ்டூலைக் காட்டினான். அவர் அதில் உட்கார்ந்து, அம்மா நடிப்பதை முதல்முறையாகப் பார்த்தார்.

மாமியார் அடுப்பைத் துடைத்தார். கையைத் துடைத்தார். விளக்கை அணைக்கப் போனவர் நின்று, நாற்காலியைப் பார்த்து, "தூங்கிட்டீங்களா?" என்றார். காத்திருந்தார். தலை கொஞ்சம் சாய்ந்தது, காது கொடுத்துக் கேட்பவர் போல. பிறகு, "சரி, தூங்குங்க," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

ஒரே டேக். இருட்டில் ஒட்டடை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. டைரக்டர் ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இதைவிட நன்றாக எந்த நடிகையும் செய்திருக்க முடியாது. வினையே அங்கேதான் வந்தது. அம்மா அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டார்.

மச்சான் மாப்பிள்ளையை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இது நடிப்பா மாப்பிள்ளை?"

"நடிப்புதான் மச்சான்."

"எங்கம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. எங்களுக்கு ஸ்கூல்ல லீவ் கேக்கறதுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாது அவங்களுக்கு. இவ்வளவு முத்திப் போயிருக்கு, நீங்க எல்லாரும் சேர்ந்து விளக்கு போட்டுப் படம் எடுத்துக்கிட்டிருக்கீங்க. நீங்க கூடவே இருந்தீங்களே, உங்களுக்கும் ஒண்ணும் தோணலையா?"

இதோ, வாய் திறக்க வேண்டிய நேரம். மாப்பிள்ளை வாயைத் திறந்தான். "அவங்க... அதாவது... அத்தைக்குத் தெரியும் மச்சான்," என்றான். என்ன தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மச்சான் கேட்டார். இவன் ஹெட்ஃபோனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மச்சான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பெட்டியை எடுத்து வைக்க மாடிக்குப் போனார். தட்டிக் கொடுத்ததுதான் மாப்பிள்ளைக்கு அதிகமாக வலித்தது. தன் வாயைத் தானே மனசாரத் திட்டிக்கொண்டான்.

பெட்டி கீழே வந்தது. மாமியார் சமையலறை ஷெல்ஃபில் இருக்கிற டப்பாக்களை ஒரே வரிசையில் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஒட்டடை ஜன்னல் துணியைப் பிரிக்க ஸ்டூலில் ஏறினான்.

"பிரிக்காதே," என்றான் மாப்பிள்ளை. "ரூம் சத்தம் எடுக்கலை."

வேலை என்று வந்தால் அவனுக்கு வாய் வேலை செய்யும். படம் பிடித்த ஒவ்வொரு அறையிலும், கிளம்புவதற்கு முன் ஒரு நிமிஷம் வெறும் அமைதியைப் பதிவு செய்தாக வேண்டும். ஒரு அறையின் அமைதி போல இன்னொன்று இருக்காது. வசனத்துக்கு நடுவே வெட்டி ஒட்டுகிற இடத்தில் இந்த அமைதியை வைத்துத்தான் ஓட்டை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குக் காது அடைத்துத் திறந்த மாதிரி இருக்கும். எல்லோரும் அறைக்குள்ளேயே, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஆள் குறைந்தாலும் சத்தம் மாறிவிடும்.

"நானுமா?" என்றார் மச்சான்.

"நீங்களும்தான் மச்சான். போனை அணைச்சிடுங்க. ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது."

மச்சான் சட்டம் மதிக்கிறவர். நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டைரக்டர் கதவில் சாய்ந்தாள். ஒட்டடை ஸ்டூல் மேலேயே குனிந்து நின்றான். மாமியார் ஷெல்ஃபுக்கு முன்னால், கையில் ஒரு டப்பாவோடு, வாயை இறுக மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினான்.

முதலில் குழாய்ச் சொட்டு கேட்டது. பிறகு தூரத்தில் எங்கோ ஒரு வண்டி. அதுவும் போயிற்று. அதற்கப்புறம் வீடு வந்தது. அந்த வீட்டின் அமைதியை மாப்பிள்ளை அதுவரை கேட்டதில்லை. அவன் என்ன, யாருமே கேட்டதில்லை. மாமனார் போன நாளிலிருந்து மாமியார் அதை வெளியே வர விட்டதே இல்லை. அவர் பேச்சை எடுத்துவிட்டால் அந்தச் சமையலறையில் என்ன மிச்சம் இருக்கும் என்பது இப்போது ஐந்து பேரும் நின்று கேட்கும்படி ஆயிற்று. நாற்காலி காலியாக இருந்தது. உட்காருகிறவர் இனி வர மாட்டார் என்பது அதைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது.

ஹெட்ஃபோனில் யாருடைய மூச்சோ திக்கியது. மாப்பிள்ளை நிமிர்ந்தான். மச்சான். கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது. அவர் நாற்காலியைப் பார்த்தார், அம்மாவின் மூடிய வாயைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். அப்பா செத்த அன்றுகூட அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதிலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் மச்சான். குரல் உடைந்திருந்தது. "ஏதாவது பேசும்மா."

மாமியார் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். பதிவு கெட்டுவிடுமே என்று அவருக்குக் கவலை.

"ஒரு நிமிஷம் இன்னும் ஆகலையேடா."

"பரவாயில்லைம்மா. பேசு. எப்பவும் பேசுவியே, அது மாதிரி."

டைரக்டர் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மாப்பிள்ளை பொத்தானை அணைத்திருக்க வேண்டும். அவனும் அணைக்கவில்லை. மாமியார் டப்பாவை ஷெல்ஃபில் வைத்தார். மகன் பக்கத்தில் வந்து, அவர் சட்டைக் கையை நேராக இழுத்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. அவர் இல்லைன்னு தெரிஞ்சுதான் பேசறேன்."

"தெரியுதும்மா."

"அங்க வந்தா பேச முடியாது."

மச்சான் தலையை ஆட்டினார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். பெட்டி கதவோரம் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகில் கை வைத்து, கொஞ்சம் வெட்கத்தோடு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல வாயைத் திறந்தார்.

"அப்பா. அம்மா இங்கேயே இருக்கட்டும்ப்பா."

மாமியார் மகனை ஒரு முறை பார்த்தார். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"சத்தமாச் சொல்லுடா," என்றார். "அந்தப் பக்கத்துக் காது அவருக்குக் கொஞ்சம் மந்தம்."

மச்சான் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று, இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார்.